ஏரியடியில் கிடந்த உலோகக் கூடை: ஒரு வெலிங்டன் விமானத்தை மீட்டுக் கட்டிய தன்னார்வலர்கள்

1940 டிசம்பர் 31 அன்று, ஸ்காட்லாந்தின் மோனத்லியா மலைகளுக்கு மேலே பனி பொழிந்துகொண்டிருந்த வேளையில், பயிற்சிக்காகப் பறந்த, பிரிட்டிஷ் விமானப்படையின் ஒரு வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் வலப்பக்க எஞ்சின் நின்றுபோனது. ஆறு பேர் பாராசூட்டுடன் குதித்தனர். அவர்களுள் வால்பகுதித் துப்பாக்கி வீரரின் பாராசூட் சரியாக விரியாமல் அவர் இறந்துபோனார். எஞ்சியிருந்த விமானிகள் இருவரும் மேகத்தின் இடைவெளியில் நீண்டு கிடந்த லாக் நெஸ் ஏரியைக் கண்டு, விமானத்தை நீரின்மீதே இறக்கிவிட்டு, ரப்பர் படகில் கரையேறினர். விமானம் சுமார் 70 மீட்டர் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

என்-2980 என்பது அதன் பதிவெண். ‘ஆர் ஃபார் ராபர்ட்’ என்பது அழைப்புப் பெயர். 1976-இல், அந்த ஏரியில் வாழ்வதாகப் பேசப்படும் விலங்கைத் தேடி வந்த அமெரிக்கக் குழுவினரின் ஒலியலைக் கருவியில்தான் அது முதலில் தென்பட்டது. ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தார் நீருக்கடியில் ஆராய்ந்து, அது வெலிங்டன் என்று உறுதிசெய்தனர். 1985 செப்டம்பரில் முதல் முயற்சியில் தூக்குச் சட்டகம் முறிந்தது. 21-ஆம் தேதி விமானம் மேலே வந்தது. அதன் வால்விளக்கை மின்கலத்தோடு இணைத்தபோது, 45 ஆண்டுகள் கழித்தும் அது எரிந்தது. சர்ரே மாவட்டத்தின் வேபிரிட்ஜ் ஊரிலுள்ள புரூக்லேண்ட்ஸில் 1939-இல் உருவான அந்த விமானம் அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுவரப்பட்டு, தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. உடலின் பல பகுதிகள் நசுங்கியும் கிழிந்தும் காணாமலும் போயிருந்தன. அவற்றை அவர்கள் மீண்டும் கட்டவேண்டியிருந்தது. அதற்கு முதலில் அந்த உடல் எந்தக் கணக்கில் நின்றது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. வேறெந்தக் குண்டுவீச்சு விமானத்தையும்விட வெலிங்டன் விஷயத்தில் இந்தப் புரிதல் முக்கியம் என்பது என் கருத்து.

ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி ஒட்டி, இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் மெல்ல முறுக்கிப் பாருங்கள். குழல் நேராகவோ வட்டமாகவோ மடிவதில்லை. சாய்வான சுருக்கங்கள் அதன்மேல் ஓடுகின்றன. முறுக்கும் விசை குழலின் சுவருக்குள் இரண்டாகப் பிரிந்து, ஒரு சாய்வில் இழுவிசையாகவும் அதற்குக் குறுக்கான மறுசாய்வில் அமுக்குவிசையாகவும் செல்கிறது. அமுக்கம் தாளாத சுவர் அந்த இடத்தில் மடிந்துவிடுகிறது. காற்றில் பறக்கும் விமானத்தின் உடலும் இறக்கையும் ஓயாமல் இப்படி முறுக்கப்படுகின்றன. அக்காலத்தின் பிற வடிவமைப்பாளர்கள் பலர் உலோகத் தகட்டையே தோலாகப் போர்த்தி இந்த விசையைத் தாங்க வைத்தனர். வெலிங்டனைத் தயாரித்த விக்கர்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பார்ன்ஸ் வாலிஸ், விசை எந்தச் சாய்வுகளில் ஓடுகிறதோ அந்தச் சாய்வுகளில் மட்டும் உலோகச் சட்டங்களை வைத்தார். ஆர்-100 என்ற வான்கப்பலின் வாயுப் பைகளை அடக்கிப் பிடிக்க அவர் வகுத்திருந்த கம்பி வலையிலிருந்து வளர்ந்த எண்ணம் அது.

‘ஜியோடெடிக்’ என்று அதற்குப் பெயரிட்டனர். ஒரு குடத்தின்மேல் இரு புள்ளிகளுக்கிடையே நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியில் படிகிறதோ, அதுவே அந்த வளைந்த பரப்பின் மிகக் குறுகிய பாதை. கணிதத்தில் அதுதான் ஜியோடெசிக் கோடு. உருளையின்மீது அந்தக் கோடுகள் சுருள்களாக அமையும். வெலிங்டனின் உடலில் ஒரு தொகுதிச் சட்டங்கள் வலஞ்சுழியாகவும் மற்றொரு தொகுதி இடஞ்சுழியாகவும் ஓடி, சந்திக்கும் இடந்தோறும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. அமுக்கப்படும் வளைந்த சட்டம் வெளிப்புறமாகப் புடைக்கப் பார்க்கிறது. அதைக் குறுக்கே கடக்கும் இழுபடும் சட்டமோ நேராக நிமிர முயன்று உட்புறமாக அழுத்துகிறது. இரண்டும் சந்திக்கும் முடிச்சில் இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று அடக்கிவிடுகின்றன. இதனால் தனியே எடுத்தால் எளிதில் வளைந்துவிடும் மெல்லிய சட்டம், வலைக்குள் இருக்கும்போது பெரும் பாரம் தாங்குகிறது. மூங்கில் கூடையைப் பின்னியவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. ஆங்கிலத்திலும் இதைக் கூடைப் பின்னல் என்றே பலர் குறிப்பிட்டனர்.

வலையமைப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரு சட்டம் அறுந்தால், அது சுமந்த விசை பக்கத்து முடிச்சுகள் வழியாகச் சுற்றிச் சென்றுவிடும். உடலில் பெரிய ஓட்டைகளோடு வெலிங்டன்கள் தளம் திரும்பியதற்கு இதுவே காரணம். ஆனால் வலை தீயை அணைக்காது. 1939 டிசம்பர் 18 அன்று ஜெர்மனியின் ஹெலிகோலாண்ட் வளைகுடாவுக்குப் பகலில் சென்ற 22 வெலிங்டன்களில் பாதிக்கு மேல் அழிந்தன; குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டிகள் அவற்றில் இல்லாதது பெருங்குறையாக இருந்தது. தப்பித் திரும்பியவற்றுள் என்-2980-உம் ஒன்று.

சட்டங்களுக்கு மேலே தோலாக இருந்தது வெறும் துணிதான். உலோகச் சட்டங்களோடு மரப்பட்டிகளைத் திருகாணியால் பொருத்தி, அவற்றின்மேல் அயர்லாந்து லினன் துணியை இழுத்துக் கட்டி, ‘டோப்’ எனப்படும் செல்லுலோஸ் பூச்சைப் பல முறை பூசினர்; காயும்போது அது துணியைச் சுருக்கி மத்தளத்தோல்போல விறைப்பாக்கும். 1941 ஜூலை 7 இரவில், நியூசிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட், பறக்கும் வெலிங்டனின் இறக்கைமீது கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி, துணியை உதைத்துக் கிழித்து, உள்ளே தெரிந்த சட்டங்களைக் கைக்கும் காலுக்கும் பிடிமானமாக்கி நகர்ந்து, எஞ்சினருகே எரிந்த தீயை அணைத்தார். உலோகத் தோல் போர்த்திய இறக்கையில் அந்தப் பிடிமானம் கிடைத்திருக்காது.

புரூக்லேண்ட்ஸில் வேலையைத் தொடங்கியவர்களுள் அந்தத் தொழிற்சாலையிலேயே முன்பு பணியாற்றியவர்களும் இருந்தனர். அவர்கள் முன்னால் கிடந்த உலோகம் டூராலுமின்: அலுமினியத்தோடு சுமார் 4 சதவீதம் செம்பு சேர்ந்த கலவை. செம்பு வலிமை தருகிறது. அரிப்புக்கும் அதுவே வழிவிடுகிறது. கடல்நீரிலுள்ள குளோரைடு, அலுமினியத்தின்மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு படலத்தைத் துளைக்க, செம்பு செறிந்த துகள்களும் சுற்றியுள்ள அலுமினியமும் நுண்ணிய மின்கலங்களாக மாறி, உலோகம் உள்ளிருந்து பொடியாகிவிடும். லாக் நெஸ் உப்பற்ற நன்னீர் ஏரி. அதன் ஆழத்தில் ஆண்டு முழுவதும் வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ்தான். கடலில் விழுந்திருந்தால் மீட்பதற்கு இவ்வளவு உலோகம் எஞ்சியிருக்காது.

டூராலுமினைக் கையாள்வதில் நேரக்கணக்கு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 500 டிகிரிக்குச் சூடாக்கிச் சட்டென்று நீரில் அமிழ்த்தினால் அது மென்மையாகிறது. ஓரிரு மணி நேரத்துக்குள் வளைக்கவோ அடிக்கவோ செய்யலாம். பிறகு யாரும் தொடாமலேயே, உள்ளே செம்பின் அணுக்கள் கூடிக் கூடி, சில நாட்களில் கெட்டிப்பட்டுவிடும். ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டறிந்த குணம் இது. உறுப்புகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளையும் இப்படி மென்மையாக்கி, உடனே அடிக்க முடியாதவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துக் கெட்டிப்படுவதைத் தாமதப்படுத்துவார்கள். காலம் தவறி அடித்த ஆணியின் தலையில் விரிசல் விழுந்துவிடும். அதைத் துளையிட்டு எடுத்துவிட்டு மீண்டும் அடிக்க வேண்டும்.

வெலிங்டனின் உடலில் மட்டும் டூராலுமின் உறுப்புகள் 1,650. ஒவ்வொரு சட்டமும் மெல்லிய தகட்டை ஆங்கில டபிள்யூ எழுத்தின் குறுக்குவெட்டில் மடித்து, உடலின் வடிவத்துக்கேற்ப வளைத்தது. உடல் மூக்கிலும் வாலிலும் ஒடுங்குவதால் வளைவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஓரிடத்துச் சட்டம் இன்னோர் இடத்தில் பொருந்தாது. 1943 அக்டோபரில் வேல்ஸிலுள்ள பிராட்டன் தொழிற்சாலை ஒரு முழு வெலிங்டனை 23 மணி 50 நிமிடத்தில் கட்டிக் காட்டியதென்றால், உறுப்புகளைப் பிடித்துவைத்துப் பொருத்தும் அச்சுச் சட்டகங்களும் பெரும் பணிப்படையும் அங்கே இருந்தன. தன்னார்வலர்களின் கைவேலைக்கு ஆண்டுக்கணக்கில் காலம் பிடித்தது. எனினும் இந்த வடிவமைப்பு அவர்களுக்கு ஓர் உதவியைச் செய்தது. குறுகிய பாதையில் செல்லும் சட்டத்தின் இரு முனைகளும் பரப்பின் வளைவும் தெரிந்தால் இடையிலுள்ள வடிவத்தைக் கணிக்கலாம். மேலும் இடப்பக்கமும் வலப்பக்கமும் கண்ணாடிப் பிம்பங்கள் என்பதால், ஒருபுறம் தப்பிய துண்டு மறுபுறம் தொலைந்ததற்கு அச்சாகிறது.

மொத்தம் 11,461 வெலிங்டன்கள் கட்டப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ முழு உருவில் எஞ்சியவை இரண்டே. மற்றொன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்திடம் உள்ளது. புரூக்லேண்ட்ஸில் ‘ராபர்ட்’ விமானத்துக்கு முழுதும் துணி போர்த்தாமல் எலும்புக்கூட்டை வெளியே தெரிய விட்டிருக்கிறார்கள். அது சரியான முடிவென்று உறுதியாகச் சொல்வேன்: துணி போர்த்தினால் அது பருத்த குழலாகத்தான் தோன்றும். இப்போதோ அருகில் நிற்பவர், ஒரு முடிச்சில் விரலை நீட்டி, எந்தச் சட்டம் உள்ளே அழுத்துகிறது, எந்தச் சட்டம் வெளியே புடைக்கப் பார்க்கிறது என்று ஊகித்தபடியே மூக்கிலிருந்து வால்வரை நடக்கலாம்.