சிவப்பு மையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்

ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் "என்ன டீச்சர், டல்லா இருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "நோட்டு திருத்தணும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். எல்லாப் பாட ஆசிரியர்களும் நோட்டு திருத்துகிறார்கள். ஆனால் ஆங்கிலக் கட்டுரை நோட்டில் ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போக வேண்டியிருக்கிறது. ஒரு நோட்டுக்கு நாலு நிமிடம் என்று வையுங்கள். மூன்று பிரிவு, பிரிவுக்கு 40 பிள்ளைகள். 120 நோட்டுக்கு 480 நிமிடம், அதாவது எட்டு மணி நேரம். பள்ளியில் கிடைக்கிற ஒன்றிரண்டு ஓய்வு பீரியடும் வராத ஆசிரியருக்குப் பதில் போய்விடும் என்பதால், இந்த எட்டு மணி நேரமும் வீட்டுக் கணக்கில்தான் ஏறுகிறது.

இந்தச் சோர்வு நாள்பட நாள்பட வேறொன்றாக மாறுகிறது. பர்ன்அவுட் என்று சொல்கிறோமே, அது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய்ப் பட்டியலின் பதினோராவது பதிப்பில் இதைச் சேர்த்தபோது, இது நோயல்ல, வேலை சார்ந்து உண்டாகும் நிலை என்று தெளிவாகவே சொன்னது. அது சொல்லும் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகிப்போவது அல்லது அதன்மேல் கசப்பு வருவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம். முதலாவதை எல்லோரும் கவனித்துவிடுகிறோம். இரண்டாவது ஸ்டாஃப் ரூமில் நகைச்சுவையாக வேஷம் போட்டு வரும். பிள்ளை எழுதிய வாக்கியத்தை உரக்கப் படித்துச் சிரிப்பது, "இதுங்களுக்கெல்லாம் இந்த ஜென்மத்துல இங்கிலீஷ் வராது" என்பது. அன்பான ஆசிரியர்கள்கூட இப்படிப் பேச ஆரம்பித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய குணம் கெட்டுவிடவில்லை, சக்தி தீர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விடுமுறையிலும் தூக்கம் வரவில்லை, பிடித்த விஷயங்களிலும் நாட்டமில்லை, உயிரோடு இருந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் இந்தக் கட்டுரை போதாது. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

சரி, மற்றவர்களுக்கு வருவோம். ஆசிரியர் மனச்சோர்வு என்றாலே யோகா, மூச்சுப்பயிற்சி என்று ஒரு அரைநாள் வகுப்பு நடத்திவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அன்று மாலையும் அதே 120 நோட்டு மேசைமேல் காத்திருக்கும். எமிஸ் (பள்ளித் தகவல் இணையதளம்) பதிவேற்றம், தேர்ச்சி விகிதம், காலிப் பணியிடம் இதெல்லாம் ஆசிரியர் தனியாக மாற்றக்கூடியவை அல்ல. அவற்றை நிர்வாகம்தான் சரிசெய்ய வேண்டும். நம் கையில் இருப்பது திருத்தும் பழக்கம். அதை மாற்றினால் பாரம் குறைகிறது, பிள்ளைகளும் கூடுதலாகக் கற்கிறார்கள். இதை எத்தனையோ ஆண்டு வகுப்பறையில் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பு நோட்டு ஒன்றில் தேர்த் திருவிழா பற்றி இப்படி இருந்தது: "எஸ்டர்டே வி ஆர் கோ டு தேர். மை அங்கிள் இஸ் கிவ் மீ ஒன் பலூன். தி பலூன் இஸ் பர்ஸ்ட். ஐ ஆம் வெரி க்ரை."

வழக்கமான திருத்தம் என்றால் ஏழெட்டு இடத்தில் சிவப்பு விழும். ஆர் கோ அடித்து வென்ட், இஸ் கிவ் அடித்து கேவ், ஒன் அடித்து எ, இப்படியே போகும். பையன் நோட்டை வாங்கியதும் கையெழுத்து இருக்கிறதா, மார்க் எவ்வளவு என்று பார்ப்பான். பைக்குள் போட்டுவிடுவான். திருத்தத்தை எழுதியது நாம், யோசித்ததும் நாம். அவனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை.

இன்னொரு முறை அந்த நாலு வாக்கியத்தையும் படியுங்கள். வி ஆர் கோ, இஸ் கிவ், இஸ் பர்ஸ்ட், ஆம் க்ரை. இவை நாலு தவறில்லை, ஒரே தவறு. சின்ன வகுப்பில் ஐ ஆம், ஹி இஸ், வி ஆர் என்று ஜோடி ஜோடியாக ஒப்பித்த பிள்ளைக்கு, எழுவாய் வந்தாலே இஸ்ஸும் ஆமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. ஆகவே அந்த நாலு இடத்தில் மட்டும் அடிக்கோடு போட்டால் போதும். விடையை எழுத வேண்டாம். 'ஒன் பலூன்' இந்த வாரம் அப்படியே இருக்கட்டும். ஓரத்தில் ஒரு கேள்வி: "பலூன் வெடிச்சதும் மாமா என்ன சொன்னார்?" அவன் கோடு போட்ட இடங்களைத் தானே மாற்றி, மாமா சொன்னதையும் இரண்டு வரி எழுதிக் கொண்டுவந்த பிறகுதான் கையெழுத்து.

ஓரக் குறிப்பைத் தமிழில் எழுதலாமா என்று புதிதாக வேலைக்கு வருபவர்கள் தயங்குகிறார்கள். தாராளமாக எழுதலாம். குறிப்பு புரிய வேண்டும். அதற்கும் ஒரு அகராதி தேடும்படி வைத்தால் யாருக்கு லாபம்?

எல்லாத் தவறையும் திருத்தாமல் விடுவது சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். தைவானில் பணியாற்றிய மொழிக்கல்வி ஆய்வாளர் ஜான் டிரஸ்காட் 1996-இல், எழுத்தில் இலக்கணத் திருத்தமே பயனற்றது, அதைக் கைவிட வேண்டும் என்று ஒரு கட்டுரை எழுதினார். டானா ஃபெர்ரிஸ் என்ற இன்னொரு ஆய்வாளர் 1999-இல் அதை மறுத்தார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. நான் டிரஸ்காட் அளவுக்குப் போகமாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்துவதால் பிள்ளை தேறுகிறது என்று என் அனுபவம் சொல்லவில்லை.

மார்க் விஷயம் இன்னும் முக்கியம். இஸ்ரேலில் ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவுக்குக் கருத்து மட்டும், இன்னொன்றுக்கு மதிப்பெண் மட்டும், மூன்றாவதற்கு இரண்டும் கொடுத்தார்கள். கருத்து மட்டும் பெற்றவர்களே முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்களுக்கு, பக்கத்தில் மதிப்பெண் இருந்ததால் கருத்து எழுதியும் எழுதாததுபோல் ஆகிவிட்டது. அதனால் தேர்வுத்தாளில் மார்க் போடுங்கள், கட்டுரை நோட்டில் வேண்டாம்.

பேச்சிலும் இதே கதைதான். பிள்ளை "ஹி கோ டு மார்க்கெட்" என்கிறது. நாம் "ஹி கோஸ், எஸ், வெரி குட்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறோம். கனடாவில் லிஸ்டர், ரான்டா என்ற ஆய்வாளர்கள் இருவரும் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து 1997-இல் எழுதியதும் இதைத்தான்: ஆசிரியர்கள் அதிகம் கையாள்வது சரியான வாக்கியத்தைத் தாங்களே சொல்லிவிடும் முறை, பிள்ளைகள் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்ளக் குறைவாக உதவுவதும் அதே முறை. "ஹி...?" என்று இழுத்து நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். மூன்று விநாடி போதும். நிற்கிற நமக்குத்தான் அது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். பழகிவிட்டால் தொண்டைக்கும் ஓய்வு.

நேரக் கணக்குக்கு ஒரு வழி. வாரம் மூன்றில் ஒரு பங்கு நோட்டை மட்டும் ஆழமாகப் பாருங்கள்: 40 நோட்டுக்கு 160 நிமிடம். மீதி 80-ஐ ஆளுக்கு ஒரு நிமிடம் படித்து, பிடித்த ஒரு வரிக்கு டிக் போடுங்கள். மொத்தம் 240 நிமிடம், பழைய கணக்கில் சரிபாதி. பல நோட்டில் வரும் ஒரே தவறை, பெயர் சொல்லாமல் கரும்பலகையில் எழுதி, வகுப்பே திருத்தட்டும். அடுத்த வாரம் அடுத்த பங்கு.

இவ்வளவும் சொன்னால் கடைசியில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஆய்வுக்கு வர்றவங்க, இந்தத் தப்பை ஏன் விட்டீங்கன்னு கேட்டா?" நியாயமான பயம். அதற்கு ஜூன் மாதமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: இந்த மாதம் கவனிக்கப்படுவது இறந்தகால வினை, மற்றவை பின்னர். கீழே உங்கள் கையெழுத்தும் ஹெச்.எம். கையெழுத்தும். பெற்றோர் கூட்டத்திலும் இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் நோட்டில் சிவப்பு குறைந்ததைப் பார்த்து, டீச்சர் சரியாகப் பார்ப்பதில்லை என்ற பேச்சு வரும். ஹெச்.எம். தயங்கினால் ஒரே ஒரு பிரிவில், ஒரு பருவத்துக்கு மட்டும் செய்துபார்க்க அனுமதி கேளுங்கள். அந்த அளவுக்கு யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.