பர்ன்அவுட்டுக்குத் தமிழ் ‘ஓய்ந்துபோதல்’

“வேலையில் எரிந்துபோன ஒரு பெண்ணின் கலகலப்பான கதை.” நாவல் அறிமுகங்களில் இந்த மாதிரி வரிகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. எரிந்துபோன பெண் என்றால் தமிழில் தீயில் கருகியவள். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ‘கலகலப்பு’ வந்து உட்காரும்போது படிக்கிறவருக்கு உடம்பு கூசுகிறது. மூலத்தில் இருப்பது பர்ன்அவுட், வேலை பார்த்துப் பார்த்தே சக்தியெல்லாம் வற்றிப்போகும் நிலை. அந்தச் சொல்லில் பாதியைத்தான் மொழிபெயர்ப்பாளர்கள் பெயர்த்திருக்கிறார்கள்.

பர்ன்அவுட் என்பது தீ பற்றுவதைச் சொல்லும் சொல்லே அல்ல. எரிவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் தீ அடங்குவதைச் சொல்வது. ராக்கெட்டில் எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நிற்கும் கணத்துக்கு அதுதான் பெயர். 1974இல் நியூயார்க்கின் இலவச மருத்துவமனை ஒன்றில் பணிபுரிந்தவர்களைப் பார்த்து உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இதை வேலைக்குப் பொருத்தி எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் இதை அளக்க 22 கேள்விகள் கொண்ட வினாநிரல் ஒன்றை வெளியிட்டார்கள்.

‘எரி’யின் பக்கம் நிற்பவர்கள் சொல்லும் வாதம், மூலத்தின் உருவகத்தைக் காப்பாற்றுகிறோம் என்பது. காப்பாற்றவில்லை. ஆங்கிலத்தில் ‘பர்ன்’ பாதி, ‘அவுட்’ பாதி. பொருளின் பாரம் முழுக்க இரண்டாவதில் இருக்கிறது. ஜப்பானியரும் நெருப்பையே எடுத்தார்கள், ஆனால் ‘மொஎட்சுகி’ என்றார்கள். ‘மொஎ’ எரிவது, ‘ட்சுகி’ தீர்ந்துபோவது. கிகுகோ ட்சுமுராவின் 2015ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் இந்தச் சொல்லின் எடை நன்றாகத் தெரியும். 14 ஆண்டு பார்த்த வேலையை விட்டுவிட்ட 36 வயதுப் பெண், அதிகம் யோசிக்கத் தேவையில்லாத வேலையாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வேலை பார்க்கிறாள். ஓர் எழுத்தாளரின் வீட்டைக் கேமராவில் கண்காணிப்பது ஒன்று. அரிசி முறுக்குப் பொட்டலத்தின் மேல் துணுக்குச் செய்தி எழுதுவது இன்னொன்று. நாவல் சிரிக்க வைக்கிறது, ஏனென்றால் அவளிடம் தீ இல்லை. சாம்பலாகக் கிடப்பவள் எந்த வேலையில் கையை வைத்தாலும் மறுபடி அக்கறை முளைத்துவிடுகிறதே என்பதுதான் வேடிக்கை. இவளை ‘எரிந்தவள்’ என்று எழுதினால் நாவலே கைவிட்டுப் போகும்.

தமிழில் ‘எரி’க்கு வேறு வேலைகள் நிறைய. வயிறு எரிந்தால் பொறாமை அல்லது ஆற்றாமை. எரிந்து விழுந்தால் கோபம். எரிச்சல் என்றால் சிடுசிடுப்பு. எல்லாமே சூடு. பர்ன்அவுட்டோ சூடு போன பிறகு வரும் நிலை. ‘பணி எரிவு’ என்று ஒட்டுச்சொல் செய்தாலும் காதில் விழுவது நெஞ்செரிச்சலின் தங்கைதான்.

‘மன அழுத்தம்’ என்று போடுவது இன்னொரு சோம்பல். அழுத்தத்தில் இருப்பவள் இன்னும் ஓடுகிறாள், பதறுகிறாள், தூக்கத்தில் கணக்கு முடிக்கிறாள். பர்ன்அவுட் ஆனவள் கோப்பைத் திறந்து வைத்து முதல் பக்கத்தையே அரைமணி பார்த்துக்கொண்டிருக்கிறாள். ‘மனச்சோர்வு’ இன்னும் பெரிய பிழை. அது டிப்ரஷனுக்கு ஊன்றிவிட்ட சொல். டிப்ரஷன் நோய், வாழ்க்கை முழுவதையும் பிடிப்பது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பு, பர்ன்அவுட்டை நோயாகச் சேர்க்கவில்லை. வேலை சார்ந்த நிலை என்று தனியே வைத்து மூன்று அடையாளம் சொல்கிறது: சக்தி வற்றுவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது அதன் மேல் கசப்பு வருவது, செய்கிற வேலையில் பயன் குறைவது. ‘பணிச்சோர்வு’ இவற்றில் முதலாவதை மட்டும் தொடுகிறது. சோர்வு ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடக்கூடியது.

மூன்றையும் தாங்கும் சொல் நம் வீடுகளில் தினமும் புழங்குகிறது. “ஓடி ஓடி ஓய்ஞ்சுபோயிட்டா.” “சொல்லிச் சொல்லி வாய் ஓய்ஞ்சுபோச்சு.” இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். நெடுநாள் உழைப்பு அதில் இருக்கிறது, பலன் இல்லை என்ற கசப்பு இருக்கிறது, இனி சொல்லப்போவதில்லை என்ற விலகலும் இருக்கிறது. ஓய்தல் அடங்குவதும்கூட: மழை ஓய்கிறது, அலை ஓய்கிறது. ‘அவுட்’டின் வேலையை அது தனியாகவே செய்துவிடுகிறது, நெருப்பைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

ஓய்வு என்றால் இளைப்பாறுதல் ஆயிற்றே, குழம்பாதா என்று கேட்கலாம். ‘பணி ஓய்ச்சல்’ என்று பெயர்ச்சொல் செய்தால் நிச்சயம் குழம்பும். பக்கத்திலேயே பணி ஓய்வு நிற்கிறது. அதனால்தான் ‘போ’ வேண்டும். உடைந்துபோனது, கெட்டுப்போனது, களைத்துப்போனாள் என்பவற்றில் போல, விரும்பாத முடிவை அந்தத் துணைவினைதான் காட்டுகிறது. ஓய்ந்திருப்பவள் இளைப்பாறுகிறாள். ஓய்ந்துபோனவளிடம் ஒன்றும் மிச்சமில்லை.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக இருந்தால் தமிழிலும் பெயர்ச்சொல்தான் வேண்டும் என்ற பிடிவாதம்தான் மொழிபெயர்ப்பாளர்களைக் கெடுக்கிறது. “அவளுக்கு பர்ன்அவுட் ஏற்பட்டது” என்ற இடத்தில் “வேலை பார்த்தே ஓய்ந்துபோனாள்” போதும். கட்டுரைத் தலைப்புக்கும் படிவத்துக்கும் ‘வேலையில் ஓய்ந்துபோதல்’ என்று எழுதலாம். ஐடி கம்பெனிப் பெண் தோழியிடம் பேசும் உரையாடலில் ‘பர்ன்அவுட்’ என்றே விடுங்கள், அவள் அப்படித்தான் பேசுவாள். பின்னட்டையில் மட்டும் அவளைக் கொளுத்தாதீர்கள்.