கிரிஸ்லி கரடிக்கு எந்த நிலம் வேண்டும்?

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் கடற்கரையை ஒட்டி, ஏறத்தாழ 64 லட்சம் ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கிறது கிரேட் பேர் மழைக்காடு. மாநில அரசும், 26 பூர்வகுடிச் சமூகங்களும், மர நிறுவனங்களும், சூழல் அமைப்புகளும் பல ஆண்டுகள் பேசி 2016ஆம் ஆண்டில் எட்டிய உடன்பாட்டின்படி, அக்காட்டின் 85 விழுக்காட்டில் வணிகத்துக்காக மரம் வெட்டுவது தடுக்கப்பட்டது. இது பெரிய வெற்றி. ஆயினும், அங்கே வாழும் கிரிஸ்லி என்னும் பழுப்புக் கரடியின் வாழிடம் பிழைத்ததா என்பதைப் பரப்பளவைக் கொண்டு மட்டும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் எந்தெந்த இடங்கள் தப்பின என்று பார்க்க வேண்டும்.

வசந்தத்தில் குளிர்கால உறக்கம் கலைந்து மலைச்சரிவிலிருந்து இறங்கும் கரடி நேரே ஆற்றின் கழிமுகத்துக்கு வருகிறது. அங்கே உப்புநீர் ஏறி இறங்கும் சேற்றுநிலத்தில் முளைக்கும் கோரையின் இளந்தளிரில் புரதம் மிகுதி. மாதக்கணக்கில் உண்ணாமல் மெலிந்த உடலைத் தேற்றுவது அதுதான். செங்குத்தான மலைகள் கடலுக்குள்ளேயே இறங்கும் இக்கரையில் சமதளம் என்பதே பெரும்பாலும் கழிமுகங்களிலும் பள்ளத்தாக்கின் அடியிலும்தான் உண்டு. வெட்டிய மரங்களைக் கடலில் இறக்கவும் சாலையைத் தொடங்கவும் மர நிறுவனங்களுக்கும் அதே சமதளம் தேவைப்படுகிறது. மோதல் அங்கேதான் தொடங்குகிறது.

கோடையில் காட்டுப் பழங்கள். இலையுதிர் காலத்தில் முட்டையிட ஆறேறி வரும் சால்மன் மீன்கள். பெண் கரடிக்கு இந்த மீன்காலமே வாழ்வைத் தீர்மானிப்பது. கோடையின் தொடக்கத்தில் இணைசேர்ந்தாலும், கருவுற்ற முட்டை உடனே கருப்பையில் பதிவதில்லை. குளிர்கால உறக்கத்துக்குச் செல்லும் வரை மிதந்தபடி காத்திருக்கிறது. அதற்குள் போதிய கொழுப்பு சேராவிட்டால் கரு வளர்வதில்லை. எனவே, ஓர் ஆற்றில் மீன்வரத்து குறைந்தால் அடுத்த ஆண்டு அந்தப் பள்ளத்தாக்கில் குட்டிகளும் குறையும்.

மீன் மிகுந்திருக்கும் நாட்களில் கரடி மூளையையும் முட்டைக்கொத்தையும் மட்டும் தின்றுவிட்டு, எஞ்சியதைக் கரையோரக் காட்டிலேயே போட்டுவிட்டுப் போகும். கடலில் வளர்ந்த சால்மனின் உடலில் நைட்ரஜன்-15 என்னும் ஐசோடோப்பு (நைட்ரஜன் அணுவின் சற்றே கனமான வகை) கூடுதலாக இருப்பதால், அந்த அடையாளத்தை ஆற்றங்கரை மரங்களிலும் அறிவியலாளர்களால் கண்டறிய முடிகிறது. காடு கரடியைக் காப்பதுபோலக் கரடியும் காட்டுக்கு உரமிடுகிறது.

முதிர்ந்த காட்டை மொத்தமாக வெட்டினால் தொடக்கத்தில் சில ஆண்டுகள் வெயில் பட்டுப் பழச்செடிகள் செழிக்கும். அதைப் பார்த்துக் கரடிக்கு நன்மை என்று எண்ணிவிடுவது பெரும் தவறு. பிறகு ஒரே வயதுள்ள இளமரங்கள் நெருங்கி வளர்ந்து மேற்கவிகை மூடிக்கொள்ள, அடித்தளம் பல பத்தாண்டுகளுக்கு இருண்டு, பழச்செடிகள் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. குளிர்கால உறக்கத்துக்கு இடம்தரும், அடிப்பகுதி குடைந்த மிகப் பெரிய முதுமரங்களும் இல்லாமற்போகின்றன. மரம் கொண்டுபோகப் போட்ட சாலை வழியே துப்பாக்கியும் உள்ளே வரும். மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை அளவிலேயே குட்டி ஈனும் இவ்விலங்கு அந்த இழப்பை எளிதில் ஈடுசெய்வதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், காக்க வேண்டிய அலகு ஒரு முழு ஆற்றுப் படுகை என்பது விளங்கும். பிரின்ஸ் ரூபர்ட் நகருக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 45,000 ஹெக்டேர் பரப்புள்ள கூட்ஸிமட்டீன் பள்ளத்தாக்கு 1994ஆம் ஆண்டில் கிரிஸ்லிகளுக்கென்றே காப்பிடமாக்கப்பட்டது. கனடாவில் அவ்வாறு அமைந்த முதல் இடம் அது. மலைமுகட்டிலிருந்து கழிமுகம் வரை ஒரே காப்புக்குள் இருப்பதே அதன் சிறப்பு. 2017ஆம் ஆண்டின் இறுதியில் மாநிலம் முழுவதும் கிரிஸ்லி வேட்டைக்கான உரிமம் நிறுத்தப்பட்டதும் துணைசெய்தது.

ஆயினும் காட்டின் எல்லைக்குள் கட்டுப்படாத ஒன்று இருக்கிறது: மீன்வரத்து. இதே கடற்கரையின் ரிவர்ஸ் இன்லெட் பகுதியில் 1999ஆம் ஆண்டில் சாக்ஐ என்னும் சால்மன் வகையின் வரத்து முற்றிலும் சரிந்தபோது, பசித்த கரடிகள் வூயிகினுக்ஸ்வ் என்னும் பூர்வகுடி மக்களின் ஊருக்குள் புகுந்தன. பல சுட்டுக் கொல்லப்பட்டன. அதன் பின்னர் அம்மக்கள் அறிவியலாளர்களுடன் இணைந்து, மீன்பிடி அளவை முடிவுசெய்யும்போது மனிதருக்கான பங்குடன் கரடிகளுக்கு எவ்வளவு மீனை ஆற்றில் விடவேண்டும் என்பதையும் கணக்கிட்டனர்.