ஒப்புரு: மாதிரியும் அல்ல, படிமமும் அல்ல

'புவிவெப்பத் திட்டத்துக்கு நிலவியல் மாதிரி உருவாக்கப்பட்டது' என்று மறுபடியும் ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். பூமிக்கடியில் உள்ள சூட்டை எடுத்துப் பயன்படுத்தும் திட்டம் அது; ஆங்கில 'மாடல்' என்பதைத்தான் 'மாதிரி' ஆக்கியிருக்கிறார்கள். கடலூர்ப் பக்கத்து உழவரிடம் மாதிரி என்றால், வயலில் 'வி' வடிவில் குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து மண்ணைச் சீவிக் கலந்து, அரை கிலோவாகக் குறைத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதுதான் நினைவுக்கு வரும். நெய்வேலியில் துளைக்கருவி மேலே கொண்டுவரும் உருளைக் கல்லும் பாறை மாதிரியே.

மாடல் வேறு. இலத்தீனில் அளவைக் குறிக்கும் 'மோடஸ்', அதில் சிறியதைக் குறிக்கும் 'மோடுலஸ்', பிறகு இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம். பிறப்பு அவ்வளவுதான். நிலவியலார் செய்யும் மாடல், சில துளைகளிலும் அதிர்வு அளவீட்டிலும் கிடைத்த தரவை வைத்து, கண் எட்டாத ஆழத்தைக் கணினியில் கட்டி எழுப்புவது. எந்தப் பாறை எங்கே முடிகிறது, பிளவு எங்கே ஓடுகிறது, சூடு எவ்வளவு என்பதெல்லாம் அதில் அடக்கம். பாறை மாதிரி இல்லாமல் அதைக் கட்ட முடியாது என்பதால் இரண்டும் ஒரே பத்தியில் வந்தே தீரும். அப்போது வாசகர் என்ன செய்வார்?

இதற்குத் 'படிமம்' என்பார்கள் சிலர். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே சுமை அதிகம். புதுச்சேரி அருங்காட்சியகத்துச் சோழர் கால வெண்கலங்கள் படிமங்கள். கவிதையில் வருவதும் படிமம். மருத்துவமனையில் எடுப்பதும் படிமம். புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்குப் புதைபடிவம் என்று பெயர். கை தவறினால் அதுவும் படிமமாகிவிடும். பெரிய குறை இன்னொன்று. படிமம் என்றால் பூமிக்குள்ளே கேமரா போய்ப் பார்த்துவிட்டு வந்தது போல ஒலிக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுவதில்லை. தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் 5.5 அளவில் நிலம் நடுங்கியது. புவிவெப்பத் திட்டத்துக்காகச் சூடான பாறைக்குள் நீரைச் செலுத்தியதே அதைத் தூண்டியது என்று 2019இல் அரசுக் குழு சொன்னது. நழுவிய பிளவு முன்பு யாருக்கும் தெரியாதது.

ஆகவே மாடலுக்கு நான் சொல்வது ஒப்புரு. ஒத்த உரு, ஒத்ததே தவிர அதுவேயன்று என்பது சொல்லிலேயே இருக்கிறது. ஒப்புருவாக்கம் என்று வினைக்கும் நீள்கிறது. புதிய சொல் கரடுமுரடு என்று முகம் சுளிப்பவர்கள், 'மாடல்' என்றே எழுதிவிட்டுப் போகலாம். மாதிரி என்று குழப்புவதற்கு அது எவ்வளவோ மேல்.

அதே மொழிபெயர்ப்பில் 'மரபுசாராப் புவிவெப்பம்' என்று இன்னொரு குழப்பம் வேறு. சூரிய ஒளி, காற்று எல்லாவற்றையும் மரபுசாரா எரிசக்தி என்று எப்போதோ பழகிவிட்டோம். அந்தக் கணக்கில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு வெந்நீர் ஊற்றும் மரபுசாராததுதான். இங்கே பேசுவதோ, சூடு இருந்தும் இயல்பாக நீரோ அது ஊடுருவ வழியோ அமையாத பாறையைப் பற்றி. அதை அப்படியே நீட்டி எழுதினால் தாள் என்ன, தீர்ந்தா போய்விடும்?