பழைய பாய்லரை ஏலம் விடுவதற்கு முன்னால்

மூடிக் கிடக்கும் ஆலைகளிலிருந்து அவ்வப்போது போன் வரும். "சார், நிலக்கரி பாய்லர் ஒண்ணு சும்மா கிடக்கு. பழைய இரும்புக்காரங்க டன்னுக்கு நல்ல ரேட் சொல்றாங்க. குடுத்துடலாமா?" அவர்களுக்குத் தெரிய வேண்டியது விலை நியாயமா என்பது. நான் கேட்பது, லாகிங் (சூடு வெளியேறாமல் இருக்கக் குழாய் மேல் பூசிய உறை) எந்தக் காலத்தது என்று. அதற்குப் பதில் சொன்னவர்கள் குறைவு.

வயதான பாய்லர் என்றால் ஸ்டீம் பைப் லாகிங்கில், கதவு இடுக்கில் திணித்த கயிற்றில், குழாய் இணைப்புகளுக்கு நடுவில் வைக்கும் ஃபிளேஞ்ச் கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்று ஆய்வகம் சொல்லட்டும். கழற்றும் இடத்தில் என்ன நடக்கும் தெரியுமா? லாகிங் மேல் சுற்றியிருக்கும் அலுமினியத் தகட்டைப் பதமாக உரித்துத் தனியாக அடுக்குவார்கள், அதற்குக் காசு உண்டு. அடியில் இருக்கும் வெள்ளைச் சாந்துக்குக் காசு இல்லை, அதனால் கடப்பாரையால் ஒரே இடி. ஒருவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இடிப்பார், தலையெல்லாம் மாவு கொட்டியது போல் ஆகிவிடும். டீ வந்ததும் அதே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வடையைக் கையில் எடுப்பார். அந்த ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலில் தங்கி 20, 30 வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரலாம். அப்போது அவர் எந்த ஊரில் இருப்பாரோ, இந்த பாய்லர் யாருக்கு நினைவிருக்கும்?

லாகிங்கை நனைத்து எடுக்க வேண்டும். தடித்த பிளாஸ்டிக் பையில் கட்டி, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவுக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். இந்தச் செலவு விற்பவருடையது. வாங்குபவர் தலையில் கட்டினால் ராத்திரியோடு ராத்திரியாக ஏதாவது ஓடைக்கரையில் கொட்டிவிட்டுப் போவார்.

அடுத்தது டிரம், அதாவது பாய்லரில் தண்ணீரும் நீராவியும் சேரும் பெரிய இரும்பு உருளை. வருஷக்கணக்கில் மூடிக் கிடந்த டிரம் உள்ளே துருப்பிடித்திருக்கும். இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜன் வேண்டும், மூடிய டிரம்மில் இருந்த காற்றிலிருந்துதான் அதை எடுத்துக்கொண்டிருக்கும். வாசனை வராது, மூச்சு முட்டுவதும் தெரியாது. மேன்ஹோலைத் திறந்த உடனே உள்ளே இறங்கியவர் அப்படியே சரிவார், தூக்கப் போனவரும் அவர் மேலேயே விழுவார். இரு பக்க மேன்ஹோலையும் திறந்து ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுத்து, மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் காட்டிய பிறகே ஆளை இறக்க வேண்டும். நிலக்கரி கொட்டி வைக்கும் பங்கரில் மிச்சம் இருந்தால் அது தானாகவே சூடேறிப் புகைந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சேர்ந்திருக்கலாம். சாம்பல் விழும் தொட்டியான ஹாப்பரில் தேங்கியதையும் முதலில் காலி செய்யுங்கள். மழைத்தண்ணீர் ஊறிய சாம்பல் எத்தனை டன் ஏறியிருக்கும் என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

பெரிய மின்நிலைய பாய்லர் தரையில் உட்கார்ந்திருப்பதில்லை, மேல் கர்டரிலிருந்து தொங்குகிறது. சூடானால் கீழ்நோக்கி விரிவதற்காக அப்படி வடிவமைத்தது. கழற்றும்போது எதை முதலில் வெட்டுகிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. இங்கிலாந்தின் டிட்காட் ஏ நிலக்கரி மின்நிலையத்தில் 2016 பிப்ரவரி 23 அன்று பாய்லர் ஹவுஸின் ஒரு பகுதி சரிந்து நான்கு பேர் இறந்தார்கள். மூன்று பேரின் உடல்களை எடுக்க செப்டம்பர் ஆகிவிட்டது. அமெரிக்காவின் ஒஹாயோவில் கில்லன் நிலையத்தில் 2020 டிசம்பரில் இரண்டு பேர். தென்கொரியாவின் உல்சானில் 2025 நவம்பரில் ஏழு பேர், அது எண்ணெயில் ஓடியது. மூன்று இடத்திலும் கட்டடம் வெடி வைத்து இடிக்கும் நாளில் விழவில்லை, இடிப்பதற்குத் தயார் செய்யும்போதே விழுந்தது.

நம் ஊரில் வெடிமருந்து வைப்பது அபூர்வம். கேஸ் கட்டிங்கால் தூணைப் பாதி அறுத்துவிட்டு, கம்பிவடம் கட்டி இழுப்பார்கள். பாதி அறுத்த தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டவர் யார் என்று கேட்டால் மேஸ்திரியைக் காட்டுவார்கள். மேஸ்திரிக்கு அனுபவம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அசல் டிராயிங் அவர் கையில் இருக்கிறதா? அது உங்கள் ஆபீஸ் பீரோவில் தூங்குகிறது.

கதிரியக்கக் கருவி நம் பாய்லரில் எங்கே இருக்கப்போகிறது என்று சிரிக்காதீர்கள். பெரிய நிலையங்களில் பங்கர், ஹாப்பர் மட்டம் பார்க்க அத்தகைய கேஜ் வைத்திருக்கலாம். 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் பயன்படாத ஆய்வுக் கருவி ஒன்றைப் பழைய பொருளாக ஏலம் விட்டது. அதில் இருந்த கோபால்ட்-60 மாயாபுரி காயலான் கடையில் வெளியே வந்து, அங்கே வேலை பார்த்த ஒருவர் இறந்தார். ஏலத்துக்கு முன்னால் ஒருவர் பட்டியலைச் சரிபார்த்திருந்தால் போதும்.

எல்லாவற்றுக்கும் வேர் டெண்டர் தாளில் இருக்கிறது. 'இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில்' என்று ஒரு வரி எழுதி, தூக்கிச் செல்ல இத்தனை நாள், தாண்டினால் தினசரி வாடகை என்று இன்னொரு வரி சேர்ப்பார்கள். பணம் கட்டியவர் முதல் நாளே கண்டென்சரின் பித்தளைக் குழாய்க்கும் மோட்டாரின் தாமிரத்துக்கும்தான் போவார். கெடு நெருங்க நெருங்க வெட்டும் வரிசை எல்லாம் காற்றில் போய்விடும். என்னைக் கேட்டால், லாகிங், சாம்பல், எண்ணெய், நிலக்கரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் இரும்பாக விற்பது நல்லது. வெட்டும் வரிசையை ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அது ஒப்பந்தத்தின் பகுதியாகவும் இருக்க வேண்டும். கெடுவைத் தாராளமாகக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும், குறையட்டும்.

பாய்லரை ஓடும் பொருளாகவே விற்கிறீர்கள் என்றால் கணக்கே வேறு. 1923-ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக 2025-இல் புதிய கொதிகலன் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் பதிவும் சான்றும் இல்லாமல் ஓட்டக்கூடாது என்பதில் மாற்றமில்லை. பதிவு ஆவணங்களையும் பழைய பரிசோதனைக் குறிப்புகளையும் வாங்குபவரிடம் ஒப்படைத்து, கொதிகலன் இயக்ககத்துக்கு எழுதிவிடுங்கள். இரும்பாகத்தான் விற்கிறீர்கள் என்றால், கேட்டைத் தாண்டுவதற்கு முன் டிரம்மை உங்கள் கண்ணெதிரே இரண்டாக வெட்டச் சொல்லுங்கள். முழு டிரம்மாக வெளியே போனால், பெயின்ட் அடித்து எங்கோ ஒரு சின்னப் பட்டறையில் கம்ப்ரஸர் டேங்காக நிற்கும்.