பையூ என்பது சதுப்பு நிலம் அல்ல

அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் 'பையூ' (bayou, மிக மெல்ல நகரும் நீர்வழி) வரவேண்டிய இடத்தில் 'சதுப்பு நிலம்' என்று இருக்கிறது. கறுப்பின வரலாறு பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு, கறுப்பின மக்கள் அமைத்த மவுண்ட் பையூ (Mound Bayou) என்ற ஊரின் பெயரையே 'மேட்டுச் சதுப்பு' ஆக்கிவிட்டது. இதற்கு மேல் பேசாமல் இருப்பது சரியல்ல.

சொல்லின் வேர் எளிது. சோக்டா பழங்குடியினரின் மொழியில் 'பாயுக்' என்றால் சிறிய நீரோடை. லூசியானாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அமெரிக்க அரசுடனான 1830-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு சோக்டா மக்களில் பெரும்பாலோரை மிசிசிப்பி மண்ணிலிருந்து மேற்கே விரட்டினார்கள்.

பொருளும் தெளிவானதே. சமவெளியில், ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு மெல்ல நகரும் நீர்வழி. அது ஆற்றின் கிளையாக இருக்கலாம், ஆறு கைவிட்ட பழைய தடமாகவும் இருக்கலாம். லூசியானாவின் பையூ டெஷ், மிசிசிப்பி ஆறு ஒருகாலத்தில் ஓடிய தடம்தான். பையூவுக்கு இரண்டு கரை உண்டு, அதில் படகு போகும். ஹூஸ்டனில் இருக்கும் நம்மவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ஊர் நடுவே போகும் பஃபலோ பையூ 2017-இல் ஹார்வி புயலின்போது கரைமீறி வீடுகளுக்குள் வந்தது. சதுப்பு நிலத்துக்கு ஏது கரை? பள்ளிக்கரணையை நினைத்துக்கொண்டு பையூவைப் படித்தால் எதுவும் பிடிபடாது.

மவுண்ட் பையூவில் இந்தப் பிழை வரலாற்றையே கெடுக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் பொலிவர் மாவட்டத்தில், இரண்டு பையூக்கள் கூடும் இடத்தில் பழங்குடியினர் எழுப்பிய மண்மேடு ஒன்று இருந்தது. ஊருக்குப் பெயர் அதனால் வந்தது. 1887-இல் ஐசாயா மாண்ட்கோமெரியும் அவருடைய உறவினர் பெஞ்சமின் கிரீனும் அங்கே ஊர் அமைத்தார்கள். மாண்ட்கோமெரி அடிமையாகப் பிறந்தவர். அவரை உடைமையாக வைத்திருந்தவர், உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் அதிபர் ஜெபர்சன் டேவிஸின் அண்ணன். புதிய ரயில்பாதை போட்ட நிறுவனத்துக்கு அதன் ஓரம் குடியேற ஆள் தேவைப்பட்டது. விடுதலை பெற்றவர்கள் நிலம் வாங்கி, காட்டை வெட்டி, மரத்தை விற்று, பருத்தி போட்டார்கள். 1942-இல் அங்கே கறுப்பின மக்களுக்கான டபோரியன் மருத்துவமனை திறந்தது. 1955-இல், வெள்ளையர்கள் கொன்ற கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் கொலை வழக்கு நடந்தபோது, சிறுவனின் தாயும் சாட்சிகளும் தங்கிய பாதுகாப்பான இடம் மருத்துவர் டி. ஆர். எம். ஹோவர்டின் வீடு. அதுவும் இந்த ஊரில்தான்.

சதுப்பில் யார் பருத்தி போடுவார்கள்? வெள்ளம் கரைமீறும்போது மணலும் பருவண்டலும் கரையோரமே படியும். மெல்லிய களி தொலைவுக்குப் போய்த் தாழ்விடத்தில் தங்கும். ஆகவே அந்தச் சமவெளியில் நீர்க்கரைதான் மேடு, விலகிப் போகப் போகப் பள்ளம். பள்ளத்துக் களியை அங்கே 'பக்‌ஷாட்' என்பார்கள். காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் குண்டு குண்டாக உதிரும். வீடு கட்டவும் விதைக்கவும் முதலில் கரைமேட்டைத் தேடினார்கள். பையூவைச் சதுப்பாக்கினால் இந்த அமைப்பு முழுவதும் தலைகீழாகிவிடும்.

'சதுப்போடை' என்று சமரசம் செய்பவர்களும் உண்டு. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். தவறான பாதியை வைத்துக்கொண்டே சரியான பாதியை ஒட்டுகிறார்கள். லூசியானாவின் அச்சாஃபலாயா சதுப்புக்குள்ளேயே பையூக்கள் ஓடுகின்றன. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் என்ன செய்வார்கள்? 'உப்பங்கழி' என்பது இன்னொரு பரிந்துரை. கடல் ஏற்றவற்றம் எட்டாத உள்நாட்டில் உப்பு எங்கிருந்து வந்தது? 'கால்வாய்' மனிதர் வெட்டியது, அதுவும் ஆகாது. வெறும் 'ஓடை' பரவாயில்லை. ஆனால் ஓட்டம்தான் ஓடை என்ற சொல்லின் உயிர். பையூவில் குறைவாக இருப்பதும் அதுதான். 'தேங்கோடை' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. தேங்கு, ஓடை இரண்டும் எல்லோரும் அறிந்த சொற்கள், சேரும்போது நாக்கும் தடுக்காது. ஊர்ப்பெயரில் வந்தால் மட்டும் பையூ என்றே விட்டுவிட வேண்டும். சிதம்பரத்தை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

இதே கைகள்தான் 'மிசிசிப்பி கழிமுகம்' என்றும் எழுதுகின்றன. மவுண்ட் பையூ இருக்கும் 'டெல்டா', யாசூ ஆற்றுக்கும் மிசிசிப்பிக்கும் நடுவே கிடக்கும் வண்டல் சமவெளி. கடல் அங்கிருந்து 300 கிலோமீட்டருக்கும் அப்பால். கழிமுகம் என்றால் ஆறு கடலில் சேரும் இடம். அகராதியில் டெல்டாவுக்கு நேரே இருந்த சொல்லைப் பெயர்த்துப் போட்டவர், ஒருமுறை வரைபடத்தைத் திறந்து பார்க்கவில்லை. தஞ்சாவூர் விவசாயி நாள்தோறும் டெல்டா என்றுதான் சொல்கிறார். மிசிசிப்பிக்கும் அதையே எழுதலாம்.