'கரிஸ்' என்றால் காதல் அல்ல, அன்பு

தங்கை மகளுக்குப் பிரிட்டனின் வேல்ஸிலுள்ள கார்டிஃபில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மாப்பிள்ளை வெல்ஷ்காரர். வேல்ஸின் மொழியான வெல்ஷில் மூன்று பெயர்கள் வந்து நின்றன: செரென் (விண்மீன்), எய்ரா (வெண்பனி), கரிஸ். மூன்றாவதற்குப் பொருள் தேடினால் கைபேசியில் கிடைத்த தமிழ்ப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒரே குரலில் 'காதல்' என்றன. படித்துக் காட்டியதும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. "பச்சப் புள்ளைக்குக் காதல்னா பேரு வைப்பாங்க?" என்றார். அம்மா கேட்டதில் தவறில்லை. பட்டியல்தான் தவறு.

வெல்ஷில் அன்பு செய்வதைக் குறிக்கும் வினை எழுத்தில் 'கரு', தென் வேல்ஸ் வாயில் 'கரி'. அதன் அடியோடு 'இஸ்' விகுதி சேர்ந்து 'கரிஸ்'. நம் ஊர்க் கிறித்தவ வீடுகளில் கேட்ட கிளாடிஸும் வேல்ஸிலிருந்து வந்த பெயர்தான். கிளெனிஸ், நெரிஸ் எல்லாம் இதே ஓசையில் முடிபவை. கரிஸ் 20ஆம் நூற்றாண்டில் பரவிய புதுப் பெயர். பிறப்பு வரலாறு அவ்வளவே.

இப்போது 'காதல்' விஷயத்துக்கு வருவோம். பழந்தமிழில் காதல் விரிந்த சொல், 'காதலன்' என்றால் மகன் என்றும் பொருள் உண்டு, அதனால் குழந்தைக்கும் பொருந்தும் என்று ஒரு நண்பர் வாதாடினார். சரி, அகராதியில் உண்டு. ஆனால் இன்று எந்தத் தாயாவது தன் மகனைக் 'காதலன்' என்பாளா? சொல் சுருங்கிப் பல காலம் ஆயிற்று. பெயருக்குப் பொருள் சொல்லும்போது கேட்பவர் காதில் இன்று என்ன விழுகிறது என்பதே கணக்கு.

வெல்ஷ் அப்படிச் சுருங்கவில்லை. அதே அடியில் பிறந்த 'கரியட்' காதலர்கள் ஒருவரையொருவர் அழைக்கும் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தாய் பிள்ளையைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். கடையில் மீதிச் சில்லறை கொடுக்கும் அம்மாள்கூட முன்பின் தெரியாதவரைக் 'கரியட்' என்பார், நாம் 'கண்ணு' என்பதுபோல. 'கார்' என்றால் வெல்ஷில் உறவினர். அயர்லாந்து மொழியில் இதன் உடன்பிறப்பான 'கரா' நண்பரைக் குறிக்கும். காதலர், பிள்ளை, சுற்றம், நட்பு எல்லாவற்றையும் தாங்கும் தமிழ்ச் சொல் அன்பு ஒன்றுதான்.

இன்னொரு பட்டியல் 'அருள்' என்கிறது. அது கிரேக்கக் 'காரிஸ்' என்ற பெயரோடு வந்த குழப்பம், வேர் வேறு. வேறொருவர் வெல்ஷ் 'கரு'வைக் 'கருணை'யோடு முடிச்சுப் போடுகிறார். ஓசை ஒத்துவிட்டால் உறவாகிவிடாது. 'பிரேமா' என்பவர்களும் உண்டு. வீட்டிலேயே அன்பு இருக்கும்போது வடமொழியிடம் போய் நிற்பானேன்?

இத்தனைக்கும் காரணம் ஒன்றே. வெல்ஷை யாரும் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 'லவ்' என்று இருப்பதைப் பார்த்துக் கை தானாகக் 'காதல்' என்று எழுதிவிடுகிறது. இதே கைதான் விளம்பரங்களில் 'எங்கள் காபியைக் காதலியுங்கள்' என்று எழுதுகிறது. தாய் மகளிடம் 'நான் உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்லும் வசன வரிகளையும் பார்த்துவிட்டேன். அன்பு, பாசம், பரிவு, நேசம், வாஞ்சை, பிரியம் என்று இத்தனை வைத்திருக்கும் மொழிக்கு ஏன் இந்தப் பஞ்சம்? மொழிபெயர்ப்பவர், யார் யாரிடம் பேசுகிறார் என்று ஒரு நொடி நின்று பார்த்தாலே போதும்.

பொருள் எழுதும்போது 'அன்பு' என்று எழுதுங்கள். ஒப்பான தமிழ்ப் பெயர் வேண்டுமானால் அன்பரசி, அன்புச்செல்வி இருக்கின்றன. ஆனால் அவற்றில் அரசும் செல்வமும் கூடவே வந்துவிடுகின்றன. கரிஸ் அடியும் விகுதியும் மட்டும் கொண்ட பெயர். யாழ் என்பதிலிருந்து யாழினி பிறந்ததுபோல, அன்பினி. என் தேர்வு அதுதான்.

அப்புறம், 'கேரிஸ்' என்று எழுத வேண்டாம். அது ஆங்கிலேயர் வாய். மாப்பிள்ளை வீட்டில் முதல் எழுத்தைக் குறிலாக, ரகரத்தை நாம் சொல்வதுபோல நாவை உருட்டித்தான் சொல்கிறார்கள். அம்மாவுக்கு முதல் தடவையிலேயே சரியாக வந்துவிட்டது.